அதே வண்டிதானா?

பழைய கார் வைத்திருப்பவரைப் பார்த்து உலகம் இரண்டு விதமாகச் சிரிக்கிறது. புதிது வாங்க வசதியில்லாதவர் என்று எண்ணிச் சிலர் சிரிக்கிறார்கள். பணம் மிஞ்சிப் போய்ப் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று எண்ணி மற்றவர்கள் சிரிக்கிறார்கள். இந்த இரண்டு சிரிப்புக்கும் ஆளாகிக்கொண்டு, "எனக்கு இந்த வண்டி ஓடினால் போதும்" என்று இருப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் உண்டு. அவர்களுடைய வரவு செலவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்களுக்கு என்றாவது ஒருநாள் வந்து சேருகிற தர்மசங்கடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். அது, வண்டியின் எஞ்சின் செத்துப் போகிற அன்று வந்து சேருகிறது.

டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். பாட்டரி போனால் மாற்றுகிறோம். இருக்கையின் உறை கிழிந்தால் புதிது தைத்துப் போடுகிறோம். அப்போதெல்லாம் மனம் உறுத்துவதில்லை. 'இது பழைய வண்டிதானா?' என்று யாரும் கேட்பதும் இல்லை. எஞ்சினைச் சங்கிலி கட்டித் தூக்கி வெளியே வைத்துவிட்டு, வேறொன்றை உள்ளே இறக்கும்போது மட்டும் கேள்வி பிறக்கிறது. இனி இது அந்த வண்டிதானா? அல்லது அந்த வண்டியின் தோலைப் போர்த்திக்கொண்டு வேறொரு வண்டி நிற்கிறதா? வேறு வண்டிதான் என்றால் இத்தனை செலவும் சிரமமும் யாருக்காக?

வேலையில்லாதவன் கேட்கிற கேள்வி என்று வாசகர்கள் நினைக்கக் கூடும். ஆனால் இந்தக் கேள்வியின் பொருட்டு ஓர் அண்ணனும் தங்கையும் ஆறு மாதம் பேசாமல் இருந்ததை நான் அறிவேன்.

அண்ணன் என் நண்பர். கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் டாக்டராக இருந்தார். 1968-இல் அவர் ஓர் அம்பாஸிடர் கார் வாங்கினார். அந்தக் காலத்தில் கார் வாங்குவதென்றால் பெயரைப் பதிந்துவிட்டு நெடுநாள் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய வண்டியில் இருபத்து மூன்று ஆண்டுகள் வாய்க்கால் கரைகளிலும் மண்சாலைகளிலும் போய் அவர் வைத்தியம் பார்த்தார். பிரசவ வேதனையில் துடித்த பெண்கள் அதன் பின்னிருக்கையில் படுத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். பாம்பு கடித்தவர்கள் போயிருக்கிறார்கள். இரவு நேரத்தில் ஊர் எல்லையில் அந்தக் காரின் ஓசை கேட்டதும், "டாக்டர் வந்துட்டார்" என்று திண்ணையில் காத்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்களாம். டாக்டரின் மனைவிக்கும் அந்த ஓசைதான் கடிகாரம். வாய்க்கால் பாலத்தில் வண்டி ஏறித் திரும்பும் சத்தம் கேட்டால், எழுந்து போய் அடுப்பில் வெந்நீர் வைப்பார்.

1991-இல் டாக்டர் காலமானார். மகன் காரை வைத்துக்கொண்டார். அதில் கல்லூரிக்குப் போனார், மகனைப் பள்ளியில் கொண்டு விட்டார், தாயாரைக் கோவிலுக்கு அழைத்துப் போனார். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து வெயிலில் தண்ணீர்க் குழாய் விட்டுப்போய் ரேடியேட்டர் வற்றி, எஞ்சின் கொதித்து நடுச்சாலையில் நின்றது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினால், அதில் ஒட்டியிருந்த எண்ணெய் பால் ஊற்றிய காப்பியின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஹெட்டோட போயிருந்தா சமாளிச்சிருக்கலாம் சார். பிளாக்கே விண்டிருக்கு. ஏற்கெனவே மூணு தடவை போர் பண்ணியாச்சு. அறுபது சைஸ் பிஸ்டன் ஓடிக்கிட்டிருக்கு. இனிமே கடையறதுக்கு உள்ளே இரும்பு இல்லே."

இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்குகிற உருளைகள் நாளடைவில் தேய்ந்து வட்டம் கெட்டுப் போகின்றன. அப்போது அவற்றின் உட்சுவரைக் கடைந்து, மறுபடி வட்டமாக்கி, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். அந்த 1489 சி.சி. எஞ்சினின் உருளை பிறக்கும்போது 73 மில்லிமீட்டர் விட்டம் உடையது. மூன்று முறை கடைந்ததில் ஒன்றரை மில்லிமீட்டர் பெருத்துவிட்டது. அந்த அளவுக்குச் சுவர் மெலிந்துவிட்டது. அதற்குள் பிஸ்டன்கள், வளையங்கள், பேரிங்குகள் எல்லாம் பல முறை மாறியிருந்தன. டாக்டர் ஓட்டிய எஞ்சின் என்று வீட்டார் பாராட்டி வந்ததில், டாக்டர் காலத்து இரும்பு ஏற்கெனவே பாதிதான் இருந்தது. ஆனால் அந்த மாறுதல்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தபடியால் யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

செய்தி சென்னையில் இருந்த தங்கைக்கு எட்டியது. "யாரோட எஞ்சினையோ கொண்டுவந்து அப்பா வண்டியிலே வெக்காதே அண்ணா. ஓடலேன்னா பரவாயில்லே, கொட்டகையிலே அப்படியே நிக்கட்டும். வரும்போதெல்லாம் தொட்டுப் பாத்துக்கறேன்" என்றார் அவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "ஓடாத வண்டியை எதுக்குப்பா வெச்சுக்கணும்? வித்துடலாம்" என்றான். நண்பருக்கோ வேறு எஞ்சின் போட்டு ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஒரே வீட்டில் மூன்று கட்சி. மூவருமே அந்த மனிதரிடம் அன்பு உள்ளவர்கள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

மோட்டார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கேள்வி பிறந்துவிட்டது. தீசியஸ் என்ற வீரன் திரும்பி வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். பலகை உளுத்தால் அதை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். இப்படி மாற்றி மாற்றி வைத்த பிறகும் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். 1655-இல் வெளிவந்த நூல் ஒன்றில் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்தப் புதிரை இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். கழற்றி எறிந்த பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அதே வரிசையில் மறுபடி ஒரு கப்பலாகக் கட்டிவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

நம் பக்கத்திலும் இந்த விசாரணை நடந்திருக்கிறது. அதுவும் ஒரு தேரை வைத்துக்கொண்டே நடந்திருக்கிறது. கிரேக்க வமிசத்து அரசனான மிலிந்தனும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியும் உரையாடியதாக ஒரு பாலி நூல் உண்டு. தேரில் வந்திறங்கிய அரசனிடம் நாகசேனர், அச்சுதான் தேரா, சக்கரந்தான் தேரா, நுகந்தான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அரசன் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டு போகிறான். உறுப்புகள் சேர்ந்து நிற்கும்போது நாம் வைக்கிற பெயர்தான் தேர் என்று முடிகிறது அந்த விசாரணை. மனிதனும் அப்படித்தான் என்பது நாகசேனருடைய கட்சி.

அறிவுக்கு இது பெரிய விருந்து. ஆனால் அந்தத் தங்கையிடம் போய், "கார் என்பது வெறும் பெயர்தான் அம்மா" என்று சொல்லி அவருடைய வருத்தத்தை ஆற்ற முடியுமா? அவருக்கு வேண்டியது கார் என்ற பெயரின் பொருள் அன்று. தகப்பனாரின் ஏதோ ஒன்று கை நழுவிப் போகிறதே, அதைத் தடுக்க வழி உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு வேறு இடங்களில் பதில் தேடிப் பார்ப்போம்.

எஞ்சினைக் காரின் இதயம் என்று சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். 1967 டிசம்பர் 3-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில், சாலை விபத்தில் இறந்த ஓர் இளம் பெண்ணின் இதயத்தை எடுத்து, ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் பொருத்தினார் டாக்டர் பர்னார்ட். மனிதனுக்கு மனிதனின் இதயத்தைப் பொருத்திய முதல் சிகிச்சை அது. அந்த நோயாளி 18 நாட்களே உயிரோடு இருந்தார். ஆனால் அந்த 18 நாட்களும் அவர் அவராகவே இருந்தார், மனைவியோடு பேசினார், அவருடைய மனைவிக்கு அவர் கணவராகவே இருந்தார். இதயம் மாறினால் ஆள் மாறிவிடுவான் என்று அன்றைய உலகம் கொஞ்சம் பயந்துதான் இருந்தது. இன்று யாரும் பயப்படுவதில்லை.

அம்பாஸிடர் காரைச் செய்தவர்களே இந்த விஷயத்தில் தயக்கம் காட்டவில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் இருந்தது 1476 சி.சி. எஞ்சின், வால்வுகள் உருளைக்குப் பக்கவாட்டில் இருக்கும். 1959-இலேயே அதை எடுத்துவிட்டு, வால்வுகள் மேலே அமைந்த 1489 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். பிறகு டீசல் எஞ்சின் வந்தது. 1990-களில் ஜப்பானிய இஸுஸு எஞ்சின் வந்தது. 2014 மே மாதம் தொழிற்சாலை நின்று போகும் வரையில் உள்ளிருந்த எஞ்சின் எத்தனையோ முறை மாறியது. அம்பாஸிடர் என்ற பெயரும் அந்த உருண்டை முதுகும் மாறவே இல்லை.

அரசாங்கத்துக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. பதிவுப் புத்தகத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும்: ஒன்று வண்டியின் உடற்சட்டத்துக்கு உரியது, மற்றது எஞ்சினுக்கு உரியது. எஞ்சினை மாற்றினால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புத்தகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் நெற்றியில் எழுதியிருக்கும் பதிவு எண் அப்படியே இருக்கும். அதாவது, சட்டத்தின் கண்ணில் உடல்தான் வீடு. எஞ்சின் சத்திரத்துக்கு வருகிற விருந்தாளி. வரலாம், போகலாம், ஏட்டில் மட்டும் எழுதிவிட்டு வர வேண்டும்.

இவையெல்லாவற்றையும்விட என் மனத்துக்கு நெருக்கமான பதில் திருவாரூரில் இருக்கிறது. அங்கே 96 அடி உயரத்துக்கு அலங்கரிக்கப்பட்டு ஓடுகிற ஆழித்தேரைப் பாராத தஞ்சை ஜில்லாக்காரர் குறைவு. 1926-இல் அந்தத் தேர் தீப்பிடித்து எரிந்து போயிற்று. வேறு தேர் செய்து 1930-இல் ஓட்டினார்கள். 1948-க்குப் பிறகு ஓட்டம் நின்று, 1970-இல் மறுபடி ஓடத் தொடங்கியபோது, திருச்சி பாரத மிகுமின் தொழிற்சாலையார் செய்து கொடுத்த இரும்பு அச்சும் பிரேக்கும் அதற்கு வந்து சேர்ந்தன. மரம் போயிற்று, அச்சுப் போயிற்று. ஆனால் வடம் பிடிக்கப் போகிற யாராவது, "இது அந்த ஆழித்தேர்தானா?" என்று கேட்டதுண்டா? அதே வீதி, அதே திருவிழா, அதே தியாகராஜர், இழுக்கிற அதே ஊர். ஆகவே அது அதே தேர். செய்கிற காரியம் தொடர்ந்து நடந்தால் பொருளும் தொடர்ந்து இருக்கிறது என்பது நம் ஜனங்கள் வாய் திறந்து சொல்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிற தத்துவம்.

அப்படியானால், கொட்டகையில் நிற்கட்டும் என்கிற யோசனை சரிதானா? அதில் இருக்கிற அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது நடக்காத காரியம். நிற்கிற வண்டி அப்படியே இருப்பதில்லை. டாங்கியில் தங்கிய பெட்ரோல் பிசினாகிறது, டாங்கி துருப்பிடிக்கிறது. ரப்பர் வெடிக்கிறது. பிரேக் உருளைகள் இறுகிப் போகின்றன. எலி வந்து மின்கம்பிகளைக் கடிக்கிறது. ஓடுகிற வண்டி உறுப்பு உறுப்பாகத்தான் தேய்கிறது. நிற்கிற வண்டி ஒட்டுமொத்தமாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

நாம் மாறாமல் இருந்தாலும் உலகம் நம்மைச் சுற்றி மாறிவிடுகிறது. 1968-இல் அந்த எஞ்சின் குடித்த பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் மூளைக்கு அது நஞ்சு என்பதால் அது நின்றது நியாயந்தான். 2025-க்குள் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்து வரத் தொடங்கிவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அது ஆகாது. டாக்டர் விட்டுப் போன நிலையிலேயே வண்டியை வைத்திருப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடிக்கலாம். டாக்டர் விட்டுப் போன உலகத்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

கடைசியில் நண்பர் எஞ்சினை மாற்றினார். அதே வகை, அதே 1489 சி.சி.; சென்னைப் புதுப்பேட்டையில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடை ஒன்றில் கிடைத்தது. ஒரு டாக்ஸியிலிருந்து எடுத்தது என்றார்களாம். மெக்கானிக் அதைப் பிரித்து, புது வளையங்கள், புது பேரிங்குகள் போட்டு, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்றபடி வால்வுக்குக் கெட்டியான ஆசனங்களும் வைத்துப் பொருத்தினார். பதிவுப் புத்தகமும் முறைப்படி திருத்தப்பட்டது. வண்டி வீட்டுக்கு வந்தது.

நண்பரின் தாயாருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், வண்டி வந்து நின்றதும் சொன்னாராம்:

"சத்தம் வேறடா. இது உங்கப்பா வண்டி இல்லே."

"அதே கம்பெனிதான் அம்மா. அதே சைஸ். ஒரு திருகாணிகூட வித்தியாசம் இல்லே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சத்தம் வேற." சற்று நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகணும். அழைச்சிண்டு போவியோல்லியோ?" என்றும் கேட்டாராம்.

இதை என்னிடம் சொன்னபோது நண்பரின் முகம் வாடியிருந்தது. இத்தனை பாடுபட்டும் அம்மா இப்படிச் சொல்லிவிட்டாரே என்று அவருக்கு வருத்தம். எனக்கோ, அந்த வீட்டில் முழு உண்மையைப் பேசியவர் அந்த அம்மாள் ஒருவர்தான் என்று தோன்றியது.

சத்தம் வேறுதான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு எஞ்சின்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிற அன்று ஒரே மாதிரி பேசலாம். ஐம்பது ஆண்டு கழித்துப் பேசுவதில்லை. ஒன்றின் வால்வு இடைவெளி சற்று அதிகமாகி 'டக் டக்' என்கிறது. ஒன்றின் பேரிங் தளர்ந்து அடித்தொண்டையில் உறுமுகிறது. எந்த மேட்டில் எத்தனை முறை ஏறியது, யார் எப்போது எண்ணெய் மாற்ற மறந்தார், எந்த மழையில் எந்த ஓடையைக் கடந்தது என்பதெல்லாம் அந்த ஓசையில் இருக்கிறது. தேய்மானம் என்று மெக்கானிக் சொல்வதைத்தான் அந்த அம்மாள் தம் கணவரின் வருகை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய பொருளில் நாம் நேசிப்பது பல சமயங்களில் அதன் தேய்மானத்தைத்தான். எஞ்சினை மாற்றும்போது அது போய்விடுகிறது. எந்தப் புதுப்பேட்டையிலும் அது கிடைக்காது.

ஆகவே, எஞ்சினை மாற்றினால் ஒன்றும் குறையவில்லை என்பவர் உண்மை பேசவில்லை. எல்லாமே போய்விட்டது என்பவரும் உண்மை பேசவில்லை. வேறு வண்டி என்று சொல்லிவிட்டு, அதிலேயே கோவிலுக்குப் போக நாள் பார்த்த அந்த அம்மாளுக்கு இரண்டும் தெரிந்திருக்கிறது.

மாட்டு வண்டி வைத்திருந்த நம் பாட்டனார்களுக்கும் இது தெரியும். வண்டி மாடுதான் அவர்களுடைய எஞ்சின். பல ஆண்டுகள் உழைத்த காளை ஒருநாள் செத்துப் போனால் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. கொல்லையில் குழி வெட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்துப் புதைப்பார்கள். குழந்தைகள் அழும், வெளியே காட்டிக்கொள்ளாமல் பெரியவரும் அழுவார். அடுத்த சந்தைக்குப் போய் வேறொரு காளை பிடித்து வருவார்கள். அது இடப்பக்கமே இழுக்கும், பாலத்தைக் கண்டு மிரளும். பழகிக்கொள்ள நாளாகும். வண்டி அந்த வீட்டு வண்டியாகவே இருந்தது. புதுக் காளையைப் பூட்டியது பழைய காளைக்குச் செய்த துரோகம் என்று யாரும் நினைக்கவில்லை. பழைய காளைக்காக அழுதது பைத்தியக்காரத்தனம் என்றும் நினைக்கவில்லை. அறுப்புக் காலத்தில் வயல் காத்திராது. அழவும் வேண்டும், பூட்டவும் வேண்டும். நாம் படித்துவிட்டபடியால் இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்று எண்ணிக்கொண்டு குழம்புகிறோம்.

மாற்றுவது குற்றமில்லை என்று ஆன பிறகும், மாற்றுகிறவருக்குச் சில கடமைகள் இருக்கின்றன. முதலாவது, மறைக்கக் கூடாது. பழைய கார்களைச் சேகரிக்கிறவர்கள் எஞ்சின் எண்ணைப் பார்த்து விலை சொல்கிறார்கள். பிறந்தபோது இருந்த எஞ்சினே இருந்தால் மதிப்பு அதிகம். பிற்காலத்தில் வண்டியை விற்க நேர்ந்தால், இது வேறு எஞ்சின் என்று வாயால் சொல்லி விற்க வேண்டும். நமக்கு அதே வண்டியாக இருக்கலாம்; வாங்குகிறவரையும் அப்படி நம்பச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது, தெருவில் இருக்கிறவர்களின் மூச்சு. எண்ணெய் எரிந்து நீலப் புகை கக்குகிற எஞ்சினைத் தகப்பனாரின் ஞாபகம் என்று சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தால், நம் ஞாபகத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமுகிறது என்று பொருள். பிரேக் பிடிக்காத வண்டியும் அப்படித்தான். நம் பாசத்துக்கு ஆகிற செலவைப் பிறர் தலையில் கட்டலாகாது.

மூன்றாவது, இருக்கிறவர்களுக்குச் செய்ய வேண்டியது. அந்தத் தாயாருக்குக் கண்ணில் அறுவை செய்ய வேண்டியிருந்து, கையில் ஒரு செலவுக்குத்தான் பணம் இருந்திருந்தால், எஞ்சின் காத்திருக்க வேண்டியதுதான். இறந்தவரின் வண்டிக்குச் செய்வது அவருக்குச் செய்வது ஆகாது. அவருடைய மனைவிக்குச் செய்வதுதான் அவருக்குச் செய்வது.

இந்த மூன்றையும் கடந்த பிறகும் ஒருநாள் வரும். உடற்சட்டமே துருவாகி, எந்த எஞ்சினைப் போட்டாலும் தாங்காது என்று ஆகிவிடும். அன்றைக்கு விட்டுவிடத் தெரிய வேண்டும். பம்பாயின் பெருமையாக இருந்த பத்மினி டாக்ஸிகளில் கடைசியாகப் பதிவானதும் 2023 அக்டோபரில் காலக்கெடு முடிந்து தெருவை விட்டுப் போயிற்று. ஊரே வருந்தியது, தெரு நின்று போகவில்லை.

ஹாப்ஸ் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. விண்டுபோன அந்தப் பழைய எஞ்சினை இரும்புக் கடைக்கு நிறுத்துப் போட நண்பருக்கு மனம் வரவில்லை. கொட்டகை மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறார். தங்கை வந்தால் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார். அண்ணனோடு பேச்சும் மெல்லத் திரும்பியிருக்கிறது. வாசலில் நிற்பது ஒன்று, மூலையில் கிடப்பது ஒன்று. இரண்டில் எது டாக்டரின் வண்டி?

டாக்டருக்கு அந்த வண்டி எதற்காக இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். யாருக்காவது அவசரம் என்றால் கிளம்பிப் போவதற்காக இருந்தது. 2008-இலிருந்து 108-ஐ அழைத்தால் தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் வருகிறது. அந்தப் பெரிய வேலை இப்போது அதற்கு இல்லை. ரயிலடிக்குப் போகிற பக்கத்து வீட்டாரை ஏற்றிக்கொள்வதும், கண் தெரியாத ஒரு கிழவியை வெள்ளிக்கிழமை கோவிலில் கொண்டு விடுவதுமாக வேலை சிறுத்துவிட்டது. சிறியதானாலும் அது அந்த வேலையின் மிச்சந்தான். மூலையில் கிடக்கிற இரும்பு டாக்டரின் ஞாபகம். கூப்பிட்டால் கிளம்புகிறதே, சத்தம் வேறாக இருந்தாலும், அதுதான் டாக்டரின் வண்டி.